யாங்ஜியாங் கத்தி

கடையில் மடக்குக்கத்தியைக் கையில் எடுக்கிறவர்கள் முதலில் அதைத் திறந்துதான் பார்ப்பார்கள். நான் மூடிப் பார்க்கிற கட்சி. திறப்பதில் ஏமாற்ற வழியிருக்கிறது. மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் சுமாரான கத்தியும் அலகை வெளியே துப்பிவிடும். மூடும்போது அந்தப் பாசாங்கு செல்லாது. பூட்டை விரலால் ஒதுக்கியதும் அலகு தன் எடையிலேயே ஊஞ்சல்போல இறங்க வேண்டும். கைப்பிடிக்குள் நுழைகிற கடைசி மில்லிமீட்டரில், உள்ளே யாரோ பிடித்து இழுத்துக்கொண்டதுபோல ‘டக்’ என்று அமர வேண்டும். பாதி வழியில் தயங்கினால், பக்கச்சுவரை உரசினால், மணல் அரைபடுவதுபோலக் கரகரத்தால், மரியாதையாகக் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

என் மேசை இழுப்பறையில் பதினாலு மடக்குக்கத்திகள் கிடக்கின்றன. ஜெர்மனி, ஜப்பான், சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், அமெரிக்கா, சீனா என்று சிறிய ஐக்கிய நாடுகள் சபை. மூடிப் பார்க்கும் பரீட்சையில் முதல் மூன்று இடங்களும் சீனாவுக்கு. இதைச் சொன்னதும் கேட்கிறவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். “சைனா பீஸா?” என்பார். நம் ஊரில் ‘சைனா’ என்பது நாட்டின் பெயராக இருந்து எப்போதோ தரத்தின் பெயராகிவிட்டது. ஒரு மழைக்குக்கூடத் தாங்காத குடைக்கும் இரண்டு நாளில் வாயை மூடிக்கொள்கிற ரேடியோவுக்கும் அது பொதுப்பெயர்.

அந்தச் சிரிப்பைக் குறை சொல்ல மாட்டேன். என் ஆள்காட்டி விரலில் அதற்கான சான்று தழும்பாக இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நடைபாதைக் கடை ஒன்றில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய மடக்குக்கத்தி. அட்டைப்பெட்டியின் நாடாவை அறுக்கையில் பூட்டு நழுவி அலகு விரல்மேலேயே மடங்கியது. பிரித்துப் பார்த்தால் பூட்டு என்கிற தகடு, பிஸ்கட் டின் மூடியைவிடக் கனமில்லை. அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்பதற்குமேல் எதுவும் பொறிக்கப்படவில்லை.

பிற்பாடுதான் சீன எஃகுகளின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அது ஜாதகத்தை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வருகிற இனம். 3சிஆர்13 என்றால் கரி ஏறக்குறைய 0.3 சதவீதம், குரோமியம் 13 சதவீதம். துருப்பிடிக்காது, கூரும் நிற்காது. கரிதான் எஃகுக்குக் கடினம் தருவது. 8சிஆர்13எம்ஓவி என்றால் கரி 0.8 சதவீதத்தை ஒட்டி ஏறிவிட்டது, கூடவே சிட்டிகை மாலிப்டினம், சிட்டிகை வனேடியம். இது ஜப்பானியரின் ஏயூஎஸ்-8க்கு ஒன்றுவிட்ட தம்பி. வெங்காயம், கயிறு, பென்சில் என்று வீட்டு வேலை செய்கிறவருக்குத் தாராளம். மழுங்கினாலும் சாணைக்கல்லில் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடும்.

இந்த 8சிஆர்13எம்ஓவியை வெளிநாட்டு ரசிகர்கள் மதிக்க ஆரம்பித்ததில் அமெரிக்காவின் ஸ்பைடர்கோவுக்குப் பங்குண்டு. 2008ல் அவர்கள் கொண்டுவந்த டெனேஷியஸ் என்கிற கத்தி சீனாவில் செய்யப்பட்டது. அதை மறைக்கவில்லை, அலகிலேயே ‘சைனா’ என்று பொறித்திருந்தார்கள். விலை அவர்களுடைய அமெரிக்கக் கத்திகளில் பாதிக்கும் கீழே. வாங்கினவர்கள் குறை தேடித் தேடிச் சலித்துப்போனார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் சான்ரென்மூ என்கிற சீன நிறுவனம் 710 என்று எண் மட்டுமே பெயராகக் கொண்ட ஒரு குட்டிக் கத்தியைப் பத்து டாலர் அளவில் விற்றது. உடம்பு முழுக்க எஃகு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். என்னிடம் உள்ள 710ஐப் பார்க்கும்போதெல்லாம், இந்தக் காசுக்கு இதைச் செய்தவன் சாப்பிட்டானா என்று ஒரு கவலை வரும்.

இவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் ஒரே ஊரிலிருந்து. குவாங்டோங் மாகாணத்தின் தென்மேற்குக் கரையில் இருக்கும் யாங்ஜியாங். அந்த ஊருக்கு மூன்று செல்வங்கள் என்று சொல்வழக்கு: புளிக்கவைத்த கறுப்புச் சோயா, அரக்குப் பூச்சுப் பாத்திரங்கள், சின்னக் கத்தி. ஆக வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆர்டர் கொடுத்து உண்டாக்கிய ஊரில்லை அது. அவர்கள் வந்தபோது கத்தி ஏற்கெனவே அங்கே இருந்தது. சமையல் கத்திக்குப் பேர்போன ஷிபாட்ஸி நிறுவனமும் அங்கேதான். ஷிபாட்ஸி என்றால் பத்து, எட்டு, பிள்ளை. இந்த மூன்று எழுத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ‘லி’ என்கிற குடும்பப்பெயருக்கான எழுத்து வரும். பெயர் வைப்பதிலும் மடக்கி விரிக்கிற புத்தி.

ஊரார் பல காலம் பிறர் பெயரில் செய்து கொடுத்தார்கள். வரைபடம் அமெரிக்காவிலிருந்து வரும், முத்திரை அமெரிக்கருடையது, கை மட்டும் இவர்களுடையது. அப்படிச் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ‘வி’ நிறுவனம் பிறகு சொந்தப் பெயரில் இறங்கியது. கைசர், ரியேட், பெஸ்டெக், ஆர்ட்டிசன் என்று வரிசையாக வந்தார்கள். இன்றைக்கு இருநூறு, முந்நூறு டாலருக்குச் சீனக் கத்தி வாங்க ஆள் இருக்கிறது. டாட் பெக் என்கிற அமெரிக்கக் கைவினைஞர் தம் வடிவங்களைத் தொழிற்சாலையில் செய்ய நினைத்தபோது ரியேட்டிடம் கொடுத்தார். விலை குறைவு என்பதற்காக மட்டும் அப்படிப்பட்டவர்கள் அங்கே போவதில்லை.

அந்த ‘டக்’குக்கு வருகிறேன். ரசிக்கவேண்டிய விஷயம் அதற்குள்தான் இருக்கிறது.

ஃபிரேம் லாக் என்கிற பூட்டை நிலைநாட்டியவர் தென்னாப்பிரிக்கக்காரரான கிறிஸ் ரீவ். அவருடைய செபென்சா கத்திக்கு ஜூலு மொழியில் ‘வேலை’ என்று பொருள். கைப்பிடியின் ஒரு பக்கமான டைட்டானியத் தகட்டையே நீளவாக்கில் கீறி, அந்தத் துண்டை உள்பக்கமாகச் சற்று வளைத்துவிடுவார்கள். அலகு முழுக்க விரிந்ததும் அந்தத் துண்டு தானாக உள்ளே நகர்ந்து அலகின் வாலுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். தனியாக ஸ்பிரிங் கிடையாது, உடம்பே பூட்டு. அதே துண்டின் நுனியருகே கடுகைவிடச் சிறிய ஒரு செராமிக் குண்டு பதித்திருக்கும். கத்தி மூடியிருக்கும்போது அந்தக் குண்டு, அலகின் பக்கவாட்டில் போட்ட ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும். டிடென்ட் என்பது இதுதான்.

சட்டைப்பையில் கத்தி தானாகத் திறக்காமல் காப்பது இந்தக் குண்டு. திறக்கும்போது விரலின் அழுத்தத்தைச் சேர்த்துவைத்து, குழியைவிட்டு எகிறும் நொடியில் அலகைப் பாய்ச்சுவதும் அதுவே. குழி ஆழம் குறைந்தால் அலகு தொளதொளக்கும். கூடினால் விரல் வலிக்கும். குழி இருக்கவேண்டிய இடம் ஒரு மயிரிழை தள்ளிப்போனால், மூடிய கத்தியில் அலகு லேசாக ஆடும். மூடுகையில் குண்டு அலகின் பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்து குழியின் சரிவில் விழும்போது அலகையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. நான் சொன்ன கடைசி மில்லிமீட்டர் இழுப்பு அதுதான். யாங்ஜியாங்கின் நல்ல பட்டறைகள் இந்தக் குழியை ஆயிரமாவது கத்தியிலும் முதல் கத்தியைப்போலவே போடுகின்றன. கைவினை என்றால் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது என்று சொல்லிப் பெருமைப்படுவோம். இங்கே அழகு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது.

டைட்டானியம் கடின எஃகோடு உரசினால் ஒட்டிக்கொள்ளும், தேயவும் செய்யும். அதற்காக முட்டுக்கொடுக்கிற நுனியில் மட்டும் தனியாக ஒரு எஃகுத் துண்டைத் திருகிவைக்கிறார்கள். ரியேட் கத்தி ஒன்றைத் துடைப்பதற்காகப் பிரித்தபோது, யார் கண்ணுக்கும் படாத உட்பக்கத்தில் எடை குறைக்கக் குடைந்த பள்ளங்களைப் பார்த்தேன். அவற்றின் ஓரங்களையும் விரலில் குத்தாமல் மழுக்கியிருந்தார்கள். கைப்பிடியின் நீலமும் வெண்கல நிறமும் சாயம் இல்லை. திரவத்தில் மின்சாரம் பாய்ச்சி டைட்டானியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை வளர்க்கிறார்கள். வோல்ட் ஏறஏறப் படலம் தடிக்கும், நிறம் மாறும். மயில்கழுத்து நிறமும் கிடைக்கும்.

ஒரு விஷயத்தில் அவர்களோடு எனக்குச் சண்டை. அலகு சுழலும் அச்சின் இருபுறமும் குட்டிக் குண்டுகள் வைத்த பேரிங்கைப் போடுகிறார்கள். வழுக்கல் அபாரம்தான், ஆனால் நம் ஊர்ப் புழுதி ஒரு கோடையில் அதற்குள் குடியேறிவிடுகிறது. பழைய பாஸ்பர் வெண்கல வாஷர் ஆரம்பத்தில் முரண்டு பிடிக்கும், பழகப்பழகப் பட்டாகும். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு அதுதான் சரி.

எஃகு விஷயத்தில் பழைய சந்தேகம் முழுக்கத் தீரவில்லை. ஆஸ்திரியாவின் எம்390, ஸ்வீடனின் 14சி28என் எல்லாம் இன்று சீனப் பட்டறைகளுக்குத் தாராளமாக வருகின்றன. வாங்குவது சுலபம், பதம் போடுவது கஷ்டம். நம் கொல்லர்கள் துவைச்சல் என்று சொல்கிற வேலை அது. எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து, பிறகு இதமான சூட்டில் அதன் முரட்டுத்தனத்தை இறக்குவது. அதில் கோட்டை விட்டால் எம்390உம் நடைபாதைக் கத்திதான். பெரிய சீன நிறுவனங்கள் இதில் தேறிவிட்டன. மலிவுச் சந்தையிலோ அலகில் ‘டி2’ என்று எஃகின் பெயரைப் பொறித்துவிட்டு உள்ளே வேறெதையோ வைக்கிற வேலை இன்னும் நடக்கிறது. பிறர் வடிவத்தை, பிறர் முத்திரையோடு சேர்த்தே நகலெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். போலிச் செபென்சா ஒன்றை நண்பர் காட்டினார். பெட்டி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இருந்தன. திருட்டு திருட்டுதான், அதில் ரசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் கத்திக்குப் பேர்போன எந்த ஊர் இதைச் செய்யாமல் வந்தது? 19ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சோலிங்கன் மட்டமான கத்திகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முத்திரையைக் குத்தி விற்றது. ஆங்கிலேயர்கள் கொதித்துப்போய் 1887ல் சரக்குக் குறிச் சட்டம் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுச் சரக்கு நாட்டின் பெயரைச் சுமந்துதான் வரவேண்டும் என்றானது. ‘மேட் இன் ஜெர்மனி’ அப்படிப் பிறந்த அவமானக் குறி. சில பத்தாண்டுகளில் அதையே தேடி வாங்க ஆரம்பித்தார்கள். இன்று சோலிங்கன் என்கிற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானியச் சரக்கையும் உலகம் இதே இளக்காரத்தோடு பார்த்தது. வாள் செய்த பரம்பரையுள்ள செகி நகரம் அமெரிக்கப் பெயர்களுக்குக் கத்தி செய்து கொடுத்தே தலைநிமிர்ந்தது. ஸ்பைடர்கோவின் முதல் மடக்குக்கத்தி, 1981ல், செகியில் செய்யப்பட்டதுதான்.

ஷெஃபீல்டு, சோலிங்கன், செகி எல்லாம் ஊர்ப் பெயர்கள். திருப்பாச்சேத்தி அரிவாளை யாரும் ‘இந்திய அரிவாள்’ என்று சொல்வதில்லை, பூட்டென்றால் திண்டுக்கல். என் இழுப்பறைச் சீனக் கத்திகளில் கம்பெனியின் சின்னம் இருக்கிறது. வடிவமைத்த அமெரிக்கரின் அல்லது ஐரோப்பியரின் பெயர் இருக்கிறது. எஃகின் பெயர் இருக்கிறது. சிலவற்றில் எறும்பு அளவில் ‘சைனா’ இருக்கிறது. யாங்ஜியாங் எதிலும் இல்லை. செய்த ஊரே தன் பெயரைப் போடத் தயங்குகிறபோது, சந்தேகப்படுகிறவரை நான் என்ன சொல்லித் திருத்துவது?

அழகிலும் ஒரு குறை சொல்லவேண்டும். விலை கூடக்கூட இவை விண்கலத்திலிருந்து கழன்று விழுந்த உதிரிபாகம்போல ஆகிவிடுகின்றன. முகடும் மடிப்பும் துளையுமாகக் கண்ணை உட்காரவிடாது. 1890ல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் உருவாக்கிய மரப்பிடிக் கத்தியை எடுத்துப் பாருங்கள். மரம், அலகு, வளையம், ஆணி, அவ்வளவுதான். கைபட்டுக் கைபட்டு மரம் கறுக்கும், அலகு உங்கள் வீட்டுக் காய்கறியின் கறையை வாங்கிக்கொள்ளும். டைட்டானியத்துக்கு வயசாகத் தெரியாது, கீறல் மட்டும் விழும். சீனர்களின் முந்நூறு டாலர் கத்திகளை நான் வியக்கிறேன். பிரியம் வைத்ததெல்லாம் ஐம்பது டாலர் கத்திகளின்மேல்தான். அங்கே அலங்காரத்துக்குக் காசில்லை, அதனால் வேலை சுத்தமாக இருக்கிறது.

முதல் கத்தி வாங்குகிறவர்கள் ‘வி’ நிறுவனத்தின் மலிவுக் கிளையான சிவிவி செய்யும் எலிமென்டத்தில் ஆரம்பிக்கலாம். அலகு 75 மில்லிமீட்டர், பாக்கெட்டில் இருப்பதே தெரியாது, மூடும்போது அந்த ‘டக்’ கேட்கும். டி2 அலகு உள்ளதை வாங்கினால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். அது முழு ஸ்டெயின்லெஸ் இல்லை. மாங்காய் நறுக்கியதும் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு மடக்குங்கள்.