எடை குறைந்த ரோட்ஸ்டர்: மூன்று பாணிகளும் ஓர் இலக்கணமும்

இரண்டே இருக்கை, மடக்கி வைக்கும் துணிக்கூரை, சின்ன இன்ஜின், பின்சக்கர இயக்கம். ரோட்ஸ்டர் காருக்கு இலக்கணம் இவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் இந்த வகையில் ஊறிய ரசிகர் முதலில் கேட்பது வேறு: “வண்டி எத்தனை கிலோ?” மாஸ்டாவின் அடுத்த எம்எக்ஸ்-5 எப்படி வரும் என்று ஆளாளுக்கு ஊகம் சொல்லும் இந்த நேரத்தில், அந்தக் கேள்வி பிறந்த கதையைத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

மூன்று பாணிகளில் மூத்தது ஆங்கிலப் பாணி. ஆக்ஸ்ஃபர்டின் மோரிஸ் கராஜில் சிசில் கிம்பர் 1920களில் தொடங்கிய வழி அது. குடும்பக் காரின் உறுப்புகளை எடுத்துக்கொண்டு, மேலே சின்னதாக ஒரு திறந்த உடலைப் பூட்டுவது. விலை குறையும், பழுதுபார்ப்பும் எளிது. 1958இல் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட், 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், அதே ஆண்டில் மோரிஸ் கராஜின் பெயரைத் தாங்கிய எம்ஜிபி என்று வரிசையாக வந்தன. எம்ஜிபி மட்டும் 5 லட்சத்துக்கு மேல் விற்றது.

இந்தப் பாணியின் உச்சி, 1962இல் வந்த லோட்டஸ் எலான். கூரையை எடுத்துவிட்டால் எடை குறையும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு. கூரை இல்லாத உடல் முறுக்கிக்கொள்ளும், அதைத் தடுக்க அடியில் இரும்பு சேர்க்க வேண்டும், கனம் ஏறும். லோட்டஸ் நிறுவனர் கொலின் சாப்மன் இதற்கு ஒரு வழி கண்டார். காரின் நடுவே முதுகெலும்பு போல ஓர் எஃகுச் சேஸிஸ், அதன்மேல் கண்ணாடி இழை உடல். எலானின் எடை 700 கிலோவுக்கு உள்ளேயே நின்றது. எடை குறைந்தால் பிரேக், டயர், ஸ்பிரிங் எல்லாமே சிறியவை போதும். அவை சிறுத்தால் எடை இன்னும் குறையும். இந்தக் கணக்குதான் மரபின் உயிர்நாடி.

அந்தக் கணக்கு கெட்டபோது பாணியும் சரிந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974இன் இறுதியில் எம்ஜிபிக்கு முன்னும் பின்னும் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. வண்டியின் உயரத்தையும் ஏற்றினார்கள். கனமும் கூடி, வளைவில் சாய்வும் கூடியது. 1980இல் எம்ஜிபி தயாரான அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது.

இத்தாலியப் பாணிக்கு அழகும் இன்ஜினும் இரு கண்கள். 1966இல் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர், ஃபியாட் 124 ஸ்பைடர் இரண்டும் வந்தன. இரண்டுக்கும் வடிவம் தந்தது பினின்ஃபரினா வடிவமைப்பு நிறுவனம். இரட்டை கேம்ஷாஃப்ட் இன்ஜின், ஐந்து கியர் என்று அன்றைய ஆங்கில ரோட்ஸ்டர்களைவிட ஒரு படி மேலே இருந்தன. ஆல்ஃபா ஸ்பைடர் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது.

மூன்றாவது ஜப்பானியப் பாணி. 1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், மாஸ்டாவின் கெனிச்சி யாமமோட்டோவிடம் ஆங்கில ரோட்ஸ்டர் போல ஒன்றைச் செய்யச் சொன்னார். பத்து ஆண்டு கழித்து, 1989 சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 மேடை ஏறியது. எடை சுமார் 940 கிலோ. ‘ஜின்பா இத்தாய்’ என்பது அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல்: குதிரையும் வீரனும் ஒன்றாதல். எலானின் உருவத்தை எடுத்துக்கொண்டு, காலையில் சாவியைத் திருப்பினால் தவறாமல் கிளம்பும் நம்பகத்தைச் சேர்த்தார்கள். ஆங்கிலேயர் கைவிட்ட வித்தையை மாஸ்டாவின் ஊரான ஹிரோஷிமா காப்பாற்றியது. 1991இல் வந்த ஹோண்டா பீட், சுஸுகி கப்புச்சினோ ஆகியவை ஜப்பானின் சிறுகார் விதியின் 660 சிசி வரம்புக்குள் அடங்கிய குட்டிக் கிளை. 1996இல் லோட்டஸ் எலிஸ், அலுமினியத்தைப் பசையால் ஒட்டிக் கட்டிய சேஸிஸோடு சுமார் 725 கிலோவில் வந்து தாய்ப்பாணியான ஆங்கிலப் பாணியின் மானத்தைக் காத்தது. அதில் ஏறி இறங்க இடுப்பு வளைய வேண்டும் என்பது தனிக் கதை.

எம்எக்ஸ்-5 வழி தவறியதும் உண்டு. மூன்றாம் தலைமுறை 1,100 கிலோவை ஒட்டிப் போனது. 2015இல் வந்த நான்காம் தலைமுறையில் கிராம் கிராமாகக் கழித்து, ஜப்பானின் அடிப்படை வகையை 990 கிலோவுக்கு இறக்கினார்கள். அதன் சக்கரத்தை அருகில் போய்ப் பாருங்கள்: முந்தைய வண்டியில் ஐந்து நட்டு, இதில் நான்கு. கூரையைத் திறப்பதும் அப்படியே. இருக்கையில் இருந்தபடி நடுவில் உள்ள ஒரே கொக்கியை விடுவித்து, ஒற்றைக் கையால் தலைக்குப் பின்னால் தள்ளினால் மடங்கிவிடும். மோட்டார் கிடையாது, அதன் எடையும் கிடையாது.

இப்போது ஐந்தாம் தலைமுறை பற்றிய ஆசைகள். ஒரு சாரார், மாஸ்டா 2024இல் அறிவித்த ஸ்கைஆக்டிவ்-இசட் பெட்ரோல் இன்ஜின் இதன் பானெட்டுக்குள் வர வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார், கையால் போடும் கியர் இருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்கிறார்கள். மூன்றாம் சாரார், மின்சாரம் வந்தே தீரும் என்று பெருமூச்சு விடுகிறார்கள். 2023இல் டோக்கியோவில் மாஸ்டா காட்டிய ஐகானிக் எஸ்பி மாதிரிக் கார் இந்தப் பெருமூச்சுக்குக் காரணம். ரோட்டரி இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து 370 குதிரைத்திறன், பார்க்கப் பேரழகு. எடை 1,450 கிலோ. முதல் எம்எக்ஸ்-5ஐ எடுத்து அதன் மேல் இன்னொரு பாதியை ஏற்றியது போல.

மூன்று சாராரின் ஆசையையும் ஒரே தராசில் நிறுத்தலாம். பெட்ரோலா மின்சாரமா என்பது காலம் தீர்மானிக்கும் விஷயம். கனம் ஏறினால் மட்டும் மன்னிப்பில்லை என்பதை எம்ஜிபியின் ரப்பர் பம்பர் காட்டிவிட்டது. புதிய வண்டி வெளியாகும் நாளில் விவரத்தாளில் குதிரைத்திறனைத் தாண்டி எடை இருக்கும் வரிக்கு நேரே போங்கள். அங்கே ஆயிரத்துக்குள் ஓர் எண் இருந்தால், மற்ற வரிகளை நிதானமாகப் படிக்கலாம்.