மறுதலித்தவனின் விசுவாசம்: ஷூசாக்கு எண்டோவின் ‘மௌனம்’ புதினத்தில் வீழ்ச்சியும் மனஸ்தாபமும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய எழுத்தாளர் ஷூசாக்கு எண்டோ 1966இல் வெளியிட்ட ‘மௌனம்’ என்னும் புதினம், 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் நிகழ்ந்த வேதகலாபனையைக் களமாகக் கொண்டது. துன்புறுவோரின் மன்றாட்டுக்கு இறைவன் விடையளிக்காத நிலையைப் பேசும் நூலாகவே அது பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. இக்கட்டுரை அப்புதினத்தின் மையத்தைக் கிச்சிஜிரோ என்னும் மறுதலித்த எளிய மனிதனிடம் காண்கிறது. நம்பிக்கைக்கு இடமற்ற காலத்தில், வீழ்ந்தபின் அவ்வீழ்ச்சியை ஒப்புக்கொண்டு திரும்புவதும் விசுவாசத்தைக் காக்கும் வழியாகும் என்பதைப் புதினத்தையும் மறைவுக் கிறித்தவர்களின் வரலாற்றையும் இணைத்து நிறுவ முயல்கிறது.

முதன்மைச் சொற்கள்: எண்டோ, மௌனம், வேதகலாபனை, மறுதலிப்பு, உத்தம மனஸ்தாபம், மறைவுக் கிறித்தவர்கள்.

முன்னுரை

விசுவாசத்தைக் காத்தவர் யார் என்னும் வினாவுக்குக் கிறித்தவ இலக்கிய மரபு நெடுங்காலமாகத் தந்துவரும் விடை வேதசாட்சி என்பதே. தமிழிலும் இவ்விடை வேரூன்றியுள்ளது. 1752இல் கொல்லப்பட்டு 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் வரலாறு தென்தமிழகத்தில் இன்றும் பெருமிதத்துடன் நினைவுகூரப்படுகிறது. இறுதிவரை அசையாது நின்றவரே இம்மரபின் தலைமக்கள். ஆனால், வேதகலாபனைக் காலங்களில் நிற்க முடியாமல் வீழ்ந்தவர்களும் பலராக இருந்தனர். அவர்களுக்கு இலக்கியத்தில் இடமுண்டா? உண்டெனின் துரோகிகள் என்ற இடம் மட்டுந்தானா? இவ்வினாக்களை முன்வைத்து ‘மௌனம்’ புதினத்தை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றுக் களம்

1542 முதல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், 1549இல் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் தொடங்கிய பணி விரைந்து வளர்ந்தது. ஆட்சியாளரின் ஐயமும் உடன் வளர்ந்தது. 1597இல் நாகசாக்கியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். 1614இல் தொக்குகாவா ஆட்சி நாடு முழுமைக்கும் கிறித்தவத்தைத் தடைசெய்தது. 1637-38இல் நிகழ்ந்த ஷிமாபாராக் கிளர்ச்சிக்குப் பின் ஒடுக்குமுறை மேலும் கடுமையாயிற்று.

ஒடுக்குமுறையின் கருவிகளுள் இரண்டு புதினத்திற்கு இன்றியமையாதவை. ஒன்று, கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவம் பொறித்த ‘ஃபுமிஎ’ என்னும் மிதிபடம். ஐயத்திற்குரியோர் அதைக் காலால் மிதித்துத் தாம் கிறித்தவரல்லர் எனக் காட்ட வேண்டும். மற்றொன்று, மனிதரைத் தலைகீழாகக் குழிக்குள் தொங்கவிடும் சித்திரவதை. இயேசு சபையின் மூத்த குருவான கிறிஸ்தோவாவ் பெரேரா 1633இல் இக்குழியில் மறுதலித்தார். ஐரோப்பாவை அதிரவைத்த அச்செய்தியிலிருந்தே புதினம் தொடங்குகிறது. தம் ஆசிரியரான பெரேரா மறுதலித்ததை நம்ப மறுத்து ஜப்பானுக்கு வரும் இளங்குரு ரொட்ரிகஸ், 1643இல் ஜப்பானை அடைந்து மறுதலித்த ஜியுசெப்பே கியாரா என்னும் வரலாற்று மனிதரை முன்மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்டவர்.

எண்டோ சிறுவயதில் தாயின் வழியே திருமுழுக்குப் பெற்றவர். நாகசாக்கியில் தாம் கண்ட மிதிபடம் ஒன்றில் கால்விரல்களின் கருமைத் தடம் படிந்திருந்தது என்றும், அத்தடத்தை விட்டுச்சென்ற மனிதர்களைப் பற்றிய எண்ணமே இப்புதினத்திற்கு வித்து என்றும் அவர் கூறியுள்ளார். அத்தடம் மறுத்துநின்ற வேதசாட்சிகளுடையதன்று, மிதித்தவர்களுடையது. புதினத்தின் பார்வைக்கோணம் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

மிதித்த வேதசாட்சிகள்

தொமொகி என்னும் சிற்றூரிலிருந்து மோக்கிச்சி, இச்சிசோ, கிச்சிஜிரோ ஆகிய மூவர் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்படும் பகுதி நுணுகி நோக்கத்தக்கது. மிதிக்கச் சொன்னால் என்ன செய்வது என அவர்கள் கேட்கையில், இரக்கம் மேலிட்ட ரொட்ரிகஸ் மிதித்துவிடுமாறு கூறுகிறார். மூவரும் மிதிக்கின்றனர். அதிகாரிகள் அத்துடன் விடவில்லை. சிலுவையின்மீது உமிழவும் மரியாளைப் பழிக்கவும் ஆணையிடுகின்றனர். மோக்கிச்சியாலும் இச்சிசோவாலும் அது இயலவில்லை. கிச்சிஜிரோ செய்துவிடுகிறான். இருவரும் கடலில் நாட்டிய மரங்களில் கட்டப்பட்டு, ஏறியிறங்கும் அலைகளில் உயிர்விடுகின்றனர்.

வேதசாட்சிகளாக இறந்த இவ்விருவரும் மிதிபடத்தை முன்னரே மிதித்தவர்கள் என்பது எளிதில் கடந்துபோகத்தக்க செய்தியன்று. மிதித்தவர், மிதிக்காதவர் என்ற எல்லைக்கோட்டால் விசுவாசத்தை அளக்கலாம் என்னும் எண்ணத்தைப் புதினம் தொடக்கத்திலேயே கலைத்துவிடுகிறது. வலியவனையும் எளியவனையும் பிரிப்பது ஒரே ஒரு படிதான். அந்தப் படியும் அவரவர் தேர்ந்தெடுத்ததன்று.

பெரேராவும் கிச்சிஜிரோவும்

புதினத்தில் மறுதலிப்போர் மூவர்: பெரேரா, ரொட்ரிகஸ், கிச்சிஜிரோ. மூவரையும் ஒரே தட்டில் வைக்கும் வாசிப்பு, ‘மௌனம்’ மறுதலிப்பை நியாயப்படுத்துகிறது என்னும் முடிவுக்கு எளிதில் வந்துவிடும். மூவருக்குமிடையே உள்ள வேறுபாடே நூலின் உயிர்நாடி.

பெரேரா தம் வீழ்ச்சியைக் கோட்பாடாக மாற்றிக்கொண்டவர். ஜப்பான் ஒரு சதுப்புநிலம், இங்கு நடப்படும் எந்த நாற்றும் வேரழுகிப் போகும் என்பது அவர் வாதம். குழியில் தொங்குவோரைக் காக்க மிதிப்பதே அன்பு என்றும் ரொட்ரிகஸிடம் கூறுகிறார். இவ்வாதங்களில் உண்மையின் சாயல் இல்லாமலில்லை. குழியில் தொங்குவோர் ஏற்கெனவே மறுதலித்துவிட்டவர்கள். ரொட்ரிகஸ் மிதிக்கும்வரை அவர்களுக்கு விடுதலை இல்லை. எனினும், தம் செயலுக்கு முழுமையான காரணம் கண்டுபிடித்துவிட்டவருக்கு மன்னிப்பு கேட்கத் தேவையில்லாமற் போகிறது. பெரேராவின் துயரம் அதுவே.

கிச்சிஜிரோவிடம் கோட்பாடு ஏதுமில்லை. அவன் தன் குடும்பத்தார் உயிர்விடுகையில் தான் தப்பியவன். வெள்ளிக்காசுக்காக ரொட்ரிகஸைக் காட்டிக்கொடுத்தவன். தன்னை ஏன் இவ்வளவு எளியவனாகப் படைத்தார் என இறைவனிடம் முறையிடுகிறான். அமைதியான காலத்தில் பிறந்திருந்தால் நல்ல கிறித்தவனாக வாழ்ந்திருப்பேன் எனப் புலம்புகிறான். ஆனால், செய்தது சரி என்று அவன் ஒருபோதும் சொல்வதில்லை. ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் பாவசங்கீர்த்தனம் கேட்டுத் திரும்பி வருகிறான். விரட்டினாலும் வருகிறான், குருவே மிதித்தபின்னும் அவரைக் குருவாகவே கருதி வருகிறான். ரொட்ரிகஸ் மிதிக்கும் வேளையில் சேவல் கூவுகிறது. மும்முறை மறுதலித்துப் பின் மனங்கசந்து அழுத பேதுருவின் நினைவை எண்டோ அங்கு எழுப்புகிறார். புதினத்தில் பேதுருவின் வழியில் திரும்பத்திரும்ப நடப்பவன் கிச்சிஜிரோவே.

இறுதியில் அவன் வேண்டியதற்கிணங்கி, திருச்சபை தம்மை விலக்கியிருக்கும் என்றறிந்தும் ரொட்ரிகஸ் அவனுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கிறார். எளியவனின் விடாப்பிடியே குருவை மீண்டும் குருவாக்குகிறது. நூலின் பின்னிணைப்பாக வரும் அதிகாரியின் நாட்குறிப்பு, ஆண்டுகள் பல கழிந்தபின், கிச்சிஜிரோவின் தாயத்துப் பையில் கிறித்தவப் படம் ஒன்று கண்டெடுக்கப்பட்டதை உணர்ச்சியற்ற அலுவல் நடையில் பதிவுசெய்கிறது. எத்தனையோ முறை மறுதலித்தவன் இறுதிவரை விட்டுவிடவில்லை என்பதற்கு அந்த வறண்ட குறிப்பே சான்று.

மறைவுக் கிறித்தவர்களின் மனஸ்தாபம்

கிச்சிஜிரோவின் பாங்கு வெறும் புனைவன்று என்பதை வரலாறு காட்டுகிறது. குருக்கள் எவரும் எஞ்சாத நிலையில், நாகசாக்கி வட்டாரக் கிறித்தவர்கள் தலைமுறைதோறும் தமக்குள் ஒருவரைத் திருமுழுக்கு அளிப்பவராகவும், ஒருவரைத் திருநாட்களின் கணக்கைக் காப்பவராகவும் நியமித்துக்கொண்டனர். திருமுழுக்கைத் தேவை வேளையில் பொதுநிலையினரும் அளிக்கலாம். பாவமன்னிப்புக்கு என்ன வழி? அதுவும் ஆண்டுதோறும் மிதிபடத்தை மிதித்தாக வேண்டியிருந்த மக்களுக்கு?

இதற்கு விடையாக அமைந்தது, தடைக்கு முன்னர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய மொழியில் உருவான மனஸ்தாபக் கையேடு. போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபாக ‘கொஞ்சிரிசான்’ என அவர்கள் அதனை வழங்கினர். தமிழ்க் கத்தோலிக்கர் ‘உத்தம மனஸ்தாபம்’ என அறிந்திருப்பது இதுவே. தண்டனைக்கு அஞ்சியன்றி இறைவன்மீது கொண்ட அன்பினால் வருந்தி, வாய்ப்புக் கிட்டும்போது பாவசங்கீர்த்தனம் செய்ய உறுதிகொள்பவர், குரு இல்லாதவிடத்தும் மன்னிப்படைவர் என்பது கத்தோலிக்கப் படிப்பினை. 1551இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் இதனை உறுதிசெய்தது. கையெழுத்துப் படிகளாகவும் மனப்பாடமாகவும் தலைமுறை கடந்து வந்த இக்கையேட்டைப் பிரெஞ்சு மறைப்பணியாளர் பெத்திழான் 1869இல் அச்சிட்டார்.

பொதுவெளியில் மிதித்தவர்கள் வீடு திரும்பி மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். இரட்டை வாழ்க்கை என இதனை இகழ்வது எளிது. ஆயினும், வாய்ப்புக் கிட்டும்போது என்ற அந்த உறுதிப்பாட்டை நோக்க வேண்டும். எவரும் கண்டிராத குரு ஒருநாள் வருவார் என்ற எதிர்பார்ப்பு ஒவ்வொரு மனஸ்தாபத்திலும் அடங்கியிருந்தது. 1865 மார்ச் 17 அன்று, புதிதாகக் கட்டப்பட்ட ஓவுரா ஆலயத்திற்கு உராக்காமி ஊரார் சிலர் வந்து, தம் உள்ளமும் பெத்திழானின் உள்ளமும் ஒன்றே எனத் தெரிவித்து, மரியாளின் சுரூபம் எங்கே என வினவினர். தடை விதிக்கப்பட்டு அப்போது 250 ஆண்டுகள் கடந்திருந்தன. துன்பம் அத்துடன் முடியவில்லை. 1867 முதல் உராக்காமி மக்கள் கைதாயினர். 3,000க்கும் மேற்பட்டோர் நாடெங்கும் சிதறடிக்கப்பட்டு, 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1873இல் தடை நீங்கியபின் எஞ்சியோர் ஊர் திரும்பினர்.

மறுப்பும் வரம்பும்

‘மௌனம்’ வெளிவந்தபோது ஜப்பானியக் கத்தோலிக்கருள் பலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். உயிர்நீத்தோரின் தியாகத்தைச் சிறுமைப்படுத்துகிறது என்பது அவர்களின் மனக்குறை. வேதசாட்சிகளின் வழிவந்தோரிடமிருந்து எழுந்த இம்மறுப்பைப் புறந்தள்ள இயலாது. மிதித்தவர்க்கு இடமளிப்பது, மிதிக்காதவரின் இடத்தைப் பறிப்பதாகிவிடக் கூடாது. மோக்கிச்சியின் சாவைப் புதினம் எங்கும் வீணெனச் சொல்லவில்லை. ரொட்ரிகஸின் மனத்தை அது இறுதிவரை விட்டகல்வதுமில்லை.

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. ஐரோப்பியக் குருவின் அகப்போராட்டத்தை மையமாக்கியதால், குரு பிடிபட்டபின் சிற்றூர் மக்கள் கதையின் ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றனர். எனவே சதுப்புநில வாதத்திற்கு வலுவான மறுமொழி நூலில் கிடைப்பதில்லை. ரொட்ரிகஸ் தாம் கண்ட விசுவாசிகளைச் சான்றாகச் சுட்டினாலும், பெரேராவின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. ஓவுரா ஆலயத்தில் வந்துநின்ற உழவர்களே அவ்வாதத்திற்கு மறுமொழி. வேர் அழுகவில்லை, மண்ணுக்கடியில் இருந்தது.

முடிவுரை

நம்பிக்கையற்ற காலத்தில் விசுவாசம் காக்கப்படுவதற்கு வேதசாட்சியின் உறுதி ஒரு வழி. மனஸ்தாபத்தின் விடாப்பிடி மற்றொரு வழி. முன்னது விசுவாசத்தின் மதிப்பை உலகுக்கு உணர்த்தியது. பின்னது அதை அடுத்த தலைமுறையின் கையில் சேர்த்தது. இரண்டாவது வழியின் நிபந்தனை எளியதன்று: வீழ்ச்சிக்கு நியாயம் கற்பிக்காமலும், வீழ்ந்ததாலேயே எல்லாம் முடிந்தது எனக் கைவிடாமலும் இருத்தல் வேண்டும். பெரேரா முதலாவதில் தவறினார். கிச்சிஜிரோ இரண்டிலும் தட்டுத்தடுமாறி நின்றான்.

வேதசாட்சியரை முன்னிறுத்தியே எழுதப்பட்டுவரும் தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறு, கதைப்பாடல்களிலும் நாடகங்களிலும் வரும் மறுதலித்தோரையும் திரும்பிவந்தோரையும் மறுவாசிப்புக்கு உட்படுத்த வேண்டும். அவர்கள் ஏன் வீழ்ந்தார்கள் என்பதுடன், வீழ்ந்தபின் எங்கே சென்றார்கள் என்ற வினாவும் அவ்வாசிப்பில் எழுப்பப்பட வேண்டும்.