கிராங்க் பிடித்த கைகள்

கார் வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்று உண்டு. டெட்ராய்ட் நகரின் பெல் ஐல் பாலத்தில் ஒரு பெண்ணின் கடிலாக் கார் நின்றுவிடுகிறது. பெரும்பாலான நூல்கள் அது நடந்தது 1910 குளிர்காலத்தில் என்கின்றன. அவ்வழியே வந்த பைரன் கார்ட்டர் இறங்கி, காரின் முன்னாலிருக்கும் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றுகிறார். எஞ்சின் எதிர்த்து உதைக்க, கைப்பிடி அவர் தாடையை உடைக்கிறது. சில நாட்களில் இறந்துபோகிறார். அவருடைய நண்பரும் கடிலாக்கின் தலைவருமான ஹென்றி லேலண்ட், இனி யாரும் இப்படிச் சாகக்கூடாது என்று சபதம் எடுக்கிறார். சார்லஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரைச் செய்து கொடுக்கிறார். 1912ஆம் ஆண்டு மாடல் கடிலாக்கில் அது பொருத்தப்பட்டு வருகிறது.

நான் வாசித்த எந்த நூலிலும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. எங்கே போய்க்கொண்டிருந்தாள், காரை அன்றைக்கு முதலில் கிளப்பியது யார் என்ற விவரமும் இல்லை. வண்டியோடு நின்றுபோவது ஒன்றுதான் அவள் வேலை. அதற்குப் பிறகு கதைக்கு அவள் தேவைப்படுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், கார்ட்டர் 1908 ஏப்ரலிலேயே இறந்துவிட்டவர். 1910இல் அவர் எந்தப் பாலத்திலும் நின்றிருக்க முடியாது. ஆண்டு இப்படி உதைத்தும் கதை நிற்காமல் ஓடுகிறது என்றால், அது யாருக்கோ பயன்படுகிறது என்று பொருள். ஒரு பெண்ணுக்கு உதவப் போய் ஓர் ஆண் உயிரைக் கொடுத்தான், அதனால் ஆண்கள் கூடி பெண்களுக்காக ஒரு கருவியைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல அது பயன்படுகிறது.

அந்தக் கைப்பிடி உண்மையில் உடைத்தது யாருடைய எலும்பை? பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளி வைக்காவிட்டால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பெட்ரோல் வெடித்துவிடும். கிராங்க் தலைகீழாகச் சுழன்று, அதைப் பிடித்திருந்த மணிக்கட்டை உடைக்கும். மருத்துவர்கள் அந்த முறிவுக்கு ‘ஷோஃபர் முறிவு’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரே விடை சொல்கிறது. விலையுயர்ந்த காரை வாங்கியவர் கிராங்க் பிடிக்கவில்லை. பின்னிருக்கையில் அவரும் அவர் மனைவியும் அமர்ந்திருக்க, குளிரில் இறங்கிச் சுழற்றியது சம்பளத்துக்கு இருந்த டிரைவர். ஸ்டார்ட்டர் வந்ததும் முதலாளி அந்த டிரைவர் இல்லாமலேயே காரைக் கிளப்ப முடிந்தது. அவரும் கைநோகாத வசதியைத்தான் வாங்கினார். விளம்பரத்தில் மட்டும் அந்த வசதி பெண்ணின் பலவீனத்துக்குச் செய்த உபகாரம் ஆயிற்று. நம்மூரில் பட்டனைத் தட்டினால் கிளம்பும் ஸ்கூட்டரை ‘லேடீஸ் வண்டி’ என்று சிரித்தவர்கள், இன்று கிக்கரே இல்லாத பைக்கில் போகிறார்கள். அதை யாரும் லேடீஸ் வண்டி என்பதில்லை.

பெண்களால் கிராங்க் பிடிக்க முடியாது என்பதும் கதைதான். நேப்பியர் காரில் 1906இல் மணிக்குச் சுமார் 91 மைல் வேகம் தொட்ட டோரதி லெவிட், 1909இல் பெண்களுக்காக ஒரு கார் கையேடு எழுதினார். கைப்பிடியை எப்படி உள்ளே தள்ளிப் பொருத்துவது, எப்படி மேல்நோக்கி இழுப்பது, ஏன் ஒருபோதும் கீழ்நோக்கி அழுத்தக் கூடாது என்று நிதானமாகச் சொல்லிக்கொடுக்கிறார். சமையல் குறிப்பு எழுதுவது போன்ற தொனி. பயமுறுத்தலும் இல்லை, வீரப் பேச்சும் இல்லை. அதே 1909இல் ஆலிஸ் ராம்ஸி என்ற 22 வயதுப் பெண், நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 59 நாட்கள் கார் ஓட்டிப் போனார். உடன் வந்த மூன்று பெண்களுக்கும் கார் ஓட்டத் தெரியாது. அந்த வண்டியிலும் கைக்கிராங்க்தான்.

கெட்டரிங்கின் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. காரைக் கிளப்புமளவு சக்தி வேண்டுமென்றால் எஞ்சின் அளவுக்கு மோட்டாரும் பெரிதாக இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். டேட்டனில் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர் அவர். சில நொடிகள் மட்டும் ஓடப்போகும் சின்ன மோட்டாரின் மீது கூடுதல் பாரத்தைச் சுமத்தலாம் என்பது அங்கே கற்றது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி பேட்டரியை நிரப்பும். விளக்கும் பற்றவைப்பும் அதிலிருந்தே. கல்லாப்பெட்டியில் தொடங்கிய இந்த அழகான வரலாற்றை விட்டுவிட்டு, பாலத்தில் தவிக்கும் பெண்ணைத்தான் நூல்கள் பிடித்துக்கொள்கின்றன.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. கிராங்க் தேவைப்படாத மின்சாரக் கார்கள் அமெரிக்காவில் அப்போதே ஓடிக்கொண்டிருந்தன. பேக்கர், டெட்ராய்ட் எலெக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் பூச்சாடியும் பட்டுத் திரையுமாக அவற்றைச் சீமாட்டிகளுக்கு விற்றன. அந்தக் கார்களின் வேகமும் குறைவு, ஒரு சார்ஜில் போகும் தூரமும் குறைவு. பெண் அவ்வளவு தூரம்தான் போக வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது தோதாக இருந்தது. ஆறுதலும் வசதியும் பெண்ணின் தேவை, வேகமும் தூரமும் ஆணின் தேவை என்று பிரித்துவைத்த இந்தக் கணக்கை வரலாற்றாசிரியர் வர்ஜினியா ஷார்ஃப் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பெட்ரோல் கார் ஸ்டார்ட்டரை எடுத்துக்கொண்டு எல்லோருக்குமான கார் ஆயிற்று. மின்சாரக் கார் கிழவிகளின் வண்டி என்று ஒதுங்கியது.

காரின் முகப்பில் மட்டும் பெண்ணுக்குக் குறையில்லாத இடம். எமில் யெல்லினெக் தன் மகள் மெர்சிடிஸின் பெயரை டைம்லர் கார்களுக்குச் சூட்டியபோது அவள் சிறுமி. ரோல்ஸ்-ராய்ஸின் மூக்கில் 1911 முதல் பறக்கும் உருவத்துக்கு மாதிரியாக நின்றவர் எலினோர் தார்ன்டன் என்று பரவலாகச் சொல்கிறார்கள். கார் இதழ் ஒன்றை நடத்திய மான்டேகு பிரபுவின் செயலாளர். அவருடைய ரகசியக் காதலியும்கூட. சிற்பி சார்ல்ஸ் சைக்ஸ் அதற்கு முன்பு பிரபுவின் சொந்தக் காருக்கென்று செய்துகொடுத்த சிலையில் அந்தப் பெண் உதட்டின் மேல் விரல் வைத்திருக்கிறாள். 1915 டிசம்பரில், பிரபுவுடன் இந்தியாவுக்கு வரும் வழியில், நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி எலினோர் கடலில் மூழ்கினார். பிரபு பிழைத்துக்கொண்டார்.

ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா வைத்திருந்த 1914 மாடல் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகத்துக்கே மாடல் டி விற்றவரின் வீட்டில் இந்த வண்டி. மாடல் டிக்கு மின்சார ஸ்டார்ட்டர் வர 1919 ஆயிற்று. அதுவரை அதை வாங்கிய குடியானவரும் அவர் மனைவியும் கிராங்க்தான் சுழற்றினார்கள்.