முந்தானை என்னும் கதவு

சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். உலை கொதித்துக்கொண்டிருந்தாலும் ஆச்சி தீயைத் தணித்துவிட்டு வந்து பாயில் உட்காருவாள். தாத்தா ‘ஜெபிப்போம்’ என்று வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்பாகவே அவள் கை பின்னால் போய் முந்தானையைப் பிடித்துத் தலைக்கு மேல் இழுத்துவிடும். அந்த இழுப்போடு அவள் முகமே மாறிப்போகும். அதுவரை மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும், பேரப்பிள்ளைகளை அதட்டியதும், கடன் கேட்க வந்தவளுக்கு அரிசி அளந்து போட்டதும் வேறு யாரோ என்று தோன்றும்.

அது ஒற்றை அறையும் ஒரு திண்ணையுமான வீடு. ஜெபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார் இயேசு. மத்தேயு அதை எழுதி வைத்திருக்கிறார். ஏழு பேர் படுத்து எழுந்திருக்கிற வீட்டில் சாத்திக்கொள்ள ஆச்சிக்குக் கதவு ஏது? முந்தானைதான் அவளுக்குக் கதவு. சேலையின் ஒரு முழத் துணியைக் கொண்டு தனக்கென்று ஓர் அறையைக் கட்டிக்கொள்வாள். ஜெபம் முடிந்ததும் அது தோளுக்கு இறங்கிவிடும். அவளும் அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். கிறிஸ்தவ வீட்டுப் பெண்களின் உடையைப் பற்றி நான் இங்கே சொல்லப்போகும் குறைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் இதை வைக்க விரும்புகிறேன். உடலும் மனசும் சேர்ந்து செய்கிற ஜெபத்துக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

தென்மாவட்டச் சபைகளில் இந்தப் பழக்கம் ஒரே மாதிரி இல்லை. கத்தோலிக்க வீடுகளில் பூவும் நகையும் உண்டு. பல ஊர்களில் பொட்டும் உண்டு. சி.எஸ்.ஐ. வீடுகளில் தங்கம் இருக்கும், பொட்டு பெரும்பாலும் இருக்காது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் பூ, பொட்டு, நகை மூன்றும் இல்லை. தாலியும் இல்லாத சபைகள் உண்டு. இவற்றோடு வீட்டுக்குள் ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. யாரும் எழுதி வைக்காத சட்டம். வாசலில் பாஸ்டரின் வண்டிச் சத்தம் கேட்டால் நைட்டி போட்டிருப்பவள் உள்ளே ஓடிச் சேலை மாற்ற வேண்டும். கல்யாணமாகி வந்த மருமகள் சுடிதார் போடலாமா என்று மாமியாரிடம் கேட்க வேண்டும். ஆச்சியின் முந்தானை கடவுளை நோக்கி இழுக்கப்பட்டது. இந்தச் சட்டம் வாசலை நோக்கி எழுதப்பட்டது. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டோம் என்பதே என் வருத்தம்.

இந்த மண்ணில் கிறிஸ்தவமும் பெண்ணின் உடையும் சந்தித்த ஓர் இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தை உள்ளடக்கிய தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட சாதிகளின் பெண்களும் மேல்சாதியார் முன்னால் மார்பை மூடக் கூடாது என்றிருந்தது. 1806இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனெரி தொடங்கி, 1818க்குப் பின் நாகர்கோவிலில் சார்லஸ் மீட் வளர்த்த லண்டன் மிஷன் சபைகளில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்ற தளர்ந்த ரவிக்கையை அணியத் தொடங்கினார்கள். அதோடு நிற்கவில்லை, தோளில் சீலையும் போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத் தோள்சீலைக் கலகம் என்கிறோம். 1822 முதல் 1859 வரை மூன்று கட்டமாகச் சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது, ஜெபவீடுகள் எரிக்கப்பட்டன. 1829இல் வந்த பிரகடனம் குப்பாயம் போதும், மேல்சீலை கூடாது என்றது. 1859 ஜூலை 26ஆம் தேதிப் பிரகடனம் மார்பை எப்படி வேண்டுமானாலும் மூடலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றது.

இந்த வரலாற்றை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். ‘மானம் தந்த மார்க்கம்’ என்று. சொல்வது சரிதான். ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு நுட்பத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மிஷனெரிகளுக்கு வேண்டியிருந்தது அடக்கமான உடை. அதற்குக் குப்பாயமே போதும். அரசும் அதற்கு இடம் கொடுத்துவிட்டது. அப்புறமும் அந்தப் பெண்கள் அடி வாங்கிக்கொண்டு சீலையையும் போட்டார்கள் என்றால், அவர்கள் கேட்டது அடக்கத்தை மட்டுமல்ல, மரியாதையை. என் உடம்பில் எதைப் போடுவது என்பதை ராஜாவும் மேல்சாதியாரும் தீர்மானிக்கக் கூடாது என்றார்கள். பின்னால் வந்த பிரசங்கங்கள் அடக்கத்தை வைத்துக்கொண்டன, மரியாதையை விட்டுவிட்டன. அந்தப் பெண்களின் வம்சத்துப் பேத்திகளின் அலமாரியை இன்று சபைக் கமிட்டியும் மாமியாரும் பார்வையிடுகிறார்கள்.

வேதவசனம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் பவுல், ஜெபிக்கிற அல்லது தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண் தலையை மூட வேண்டும் என்கிறார். அது ஜெபவேளைக்கான பேச்சு. அதை நாள் முழுவதுக்கும் நீட்டியவர்கள் பழங்காலத்திலேயே உண்டு. 4ஆம் நூற்றாண்டின் பெரிய பிரசங்கியான யோவான் கிறிசோஸ்தோம், ஆணுக்கு ஜெபவேளையில் மட்டும் விதி, பெண்ணுக்கு எப்போதும் விதி என்று இந்தப் பகுதிக்கு விளக்கம் சொன்னார். இடைவிடாமல் ஜெபிக்க வேண்டுமென்றால் இடைவிடாமல் மூட வேண்டும் என்ற தர்க்கத்தில் அமெரிக்காவின் ஆமிஷ் பெண்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளைத் தொப்பி அணிகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையோ 1917இன் சட்டத்தொகுப்பில் கோயிலுக்குள் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று எழுதி, 1983இன் புதிய தொகுப்பில் அந்த விதியையே விட்டுவிட்டது. ஒரே வசனத்தை நம்பிக்கையுள்ளவர்கள் இத்தனை விதமாக வாழ்ந்திருக்கிறார்கள்.

வசனத்தை முழுவதுமாக வாசிப்பதும் இல்லை. அதே பகுதியில் பெண் வாய்விட்டு ஜெபிப்பதும் தீர்க்கதரிசனம் சொல்வதும் நடக்கிற காரியங்களாகவே பேசப்படுகின்றன. தலையை மூடச் சொல்லி வாயையும் மூடிவிட்ட சபைகளுக்கு இந்த வசனம் துணை வராது. கொஞ்சம் தள்ளி, ஆணில்லாமல் பெண்ணில்லை, பெண்ணில்லாமல் ஆணில்லை என்ற கருத்தும் வருகிறது. முக்காட்டுப் பிரசங்கம் அந்த இடத்தை எட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, முக்காடு என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு பழைய வாழ்க்கை இருக்கிறது. ‘முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு’ என்ற பழமொழியை எல்லோரும் அறிவோம். வெட்கம், துக்கம், கைம்மை இவற்றோடுதான் அந்தச் சொல் புழங்கிவந்தது. தலையை மூடுவதற்கும் திறப்பதற்கும் எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம் கிடையாது. அதே தென்திருவிதாங்கூரில், அதே காலத்தில், சமூகச் சீர்திருத்தவாதியான அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு அது தலைநிமிர்வு. நம் பெண்களும் அப்படித்தான், துக்கத்தின் அடையாளமாகக் கிடந்த முக்காட்டை ஜெபத்தின் அடையாளமாக மாற்றிக்கொண்டார்கள். எந்தப் போதகரும் செய்த மாற்றமல்ல. பாயில் உட்கார்ந்து அவர்களே செய்தது.

இந்த இடத்தில் நகையும் பூவும் இல்லாத உடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1920களில் இலங்கையில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் போன்ற சபைகள் இந்த ஒழுங்கைத் தமிழ் வீடுகளுக்குள் ஆழமாகக் கொண்டுவந்தன. அக்கம்பக்கத்தார் அந்தப் பெண்களைப் பார்த்து, புருஷன் இருக்கும்போதே இப்படியா என்று கேட்டார்கள். பூவும் பொட்டும் தாலியும் இல்லாத உடல் நம் ஊரில் கைம்பெண்ணின் உடல். எனக்கோ இந்த ஒழுங்கின் மிகப் பெரிய பலமே இங்கேதான் தெரிகிறது. எங்கள் தெருவில் இருந்த பெந்தெகொஸ்தே வீட்டில் மாமியார் கணவனை இழந்தவர். மருமகளுக்குக் கணவன் உண்டு. இருவரும் ஒரே மாதிரி உடுத்தினார்கள். கல்யாண வீட்டில் அந்த மாமியாரை யாரும் ஓரமாக உட்காரச் சொல்லவில்லை. மணப்பெண்ணின் தலையில் முதலில் கைவைத்து ஜெபித்தவரே அவர்தான். கைம்பெண்ணை அடையாளம் காட்டும் குறிகள் எதுவும் இல்லாத ஒரு வீட்டை உண்டாக்கியது, சீர்திருத்தவாதிகள் மேடையில் கேட்டதைச் சத்தமில்லாமல் செய்துகாட்டிய காரியம். ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் அங்கே ஓர் ஆறுதல் உண்டு: கழுத்தை வைத்து அவளை யாரும் எடைபோட முடியாது.

ஆனால் எடை வேறு இடத்துக்குப் போய்விட்டது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 2ஆம் அதிகாரம் பொன்னையும் முத்தையும் சொல்கிற அதே மூச்சில் விலையேறிய உடையையும் சொல்கிறது. காதில் கம்மல் இல்லை, உடம்பில் இருபதாயிரம் ரூபாய்ப் பட்டு என்பது அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதாகாது. வளையல் இருந்த கையில் தங்க நிறக் கைக்கடிகாரம் வந்ததும் அப்படியே. இவற்றைவிடக் கனமானது வரதட்சணை. பெண்ணின் கழுத்தில் பொன் கூடாது என்ற வீடுகளில் சில, அந்தப் பொன்னின் மதிப்பை ரொக்கமாகக் கேட்டு வாங்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அணியும் உரிமை மட்டும் அவளுக்கு இல்லாமல் போயிற்று. கொண்டுவரும் கடமை அப்படியே நின்றது. நகை இருந்தால் அவசரத்துக்கு அடகு வைக்கவாவது அவளுக்கு ஒரு பிடி இருக்கும். அதையும் எடுத்துக்கொண்ட ஒழுங்கு எளிமையைக் கற்பிக்கிறது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எசேக்கியேலின் 16ஆம் அதிகாரத்தில் கர்த்தரே எருசலேமுக்குக் கடகமும் சரப்பணியும் மூக்கணியும் பூட்டுகிறார்; ஆபரணமே அசுத்தம் என்றிருந்தால் அந்த உருவகம் எழுதப்பட்டிருக்காது.

என்னை மிகவும் வருத்துகிற இடம், புதிதாக விசுவாசத்துக்கு வந்த பெண்ணின் வீடு. கணவர் இந்து, மாமியார் இந்து, இவள் மட்டும் ஜெபக்கூட்டத்துக்குப் போய் வருகிறாள். சில மாதங்களில் பூவை விடுகிறாள், பொட்டை விடுகிறாள். ஒரு நாள் தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். அன்று அந்த வீட்டில் நடக்கும் சண்டை உடையைப் பற்றியதல்ல. நான் செத்துப்போகணும்னு நினைக்கிறியா என்று கணவர் கேட்கிறார். அவர் மொழியில் அந்தச் செயலுக்கு அதுதான் அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அடி வாங்கினாள், பிறகு பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அடித்தவர் செய்தது பாவம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவளை அந்த இடத்துக்குத் தள்ளியவர்களும் கணக்குச் சொல்ல வேண்டும். புறம்பான அலங்கரிப்பு வேண்டாம் என்பதற்கு அவர்கள் காட்டியது பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரம். அந்தப் பகுதி யாருக்கு எழுதப்பட்டது என்று பார்த்தால், மனைவிகளுக்கு, அதிலும் விசுவாசியாத கணவரோடு வாழ்கிறவர்களை மனதில் வைத்து. போதனை இல்லாமலே, அமைதியான நடத்தையால் கணவரை ஆதாயப்படுத்தலாம் என்பது அதன் நோக்கம். பேசாமல் இருக்கச் சொன்ன வசனத்தைக் கொண்டு, அந்த வீட்டில் பேசக்கூடியதிலேயே மிகச் சத்தமான ஒன்றை அவளைப் பேச வைத்தார்கள். தாலியைக் கழற்றுவது வெளி அடையாளம் இல்லாமல் போவதல்ல. அதுவே ஒரு பெரிய வெளி அடையாளம்.

நைட்டி, சுடிதார் விவகாரத்தில் இவ்வளவு ஆழம் இல்லை. உபாகமம் 22:5ஐக் காட்டி ஆண் உடை கூடாது என்கிறார்கள். சுடிதார் இந்த நாட்டில் ஆண் உடை அல்ல. எரிகிற கேஸ் அடுப்புக்கு முன்னால் தொங்கும் முந்தானையைவிட நைட்டி பத்திரமானது என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். தவிர, அதே குடும்ப ஜெபத்தில் தாத்தா கைலியும் வெற்று மார்புமாக உட்கார்ந்திருப்பார், தோளில் ஒரு துண்டு. அவருடைய பக்தியை யாரும் உடையை வைத்து அளந்ததில்லை. அளக்கவும் வேண்டாம். அந்தத் தாராளம் பாயின் இந்தப் பக்கத்துக்கும் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

2020இல் ஊரடங்கு வந்தபோது ஆராதனை எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. அம்மா செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, நைட்டிக்கு மேல் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் அவளைப் பார்க்க முடியாது, இருந்தும் போட்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஆச்சிக்கு அதற்கு முன்பே இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கடைசி நான்கு மாதம் சேலை கட்ட முடியவில்லை, நைட்டிதான். எங்கள் சபைப் போதகரான ஐயர் ஜெபிக்க வந்தால், “ஏட்டி, அவுகள வெளியவே இருக்கச் சொல்லு” என்பாள். நாங்கள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, தலையில் துண்டு போட்ட பிறகுதான் அவரை உள்ளே விடுவோம். அசைக்கும்போது வலியில் முனகுவாள், ஆனாலும் விடமாட்டாள். சில நாட்கள் அந்தச் சிரமத்துக்குப் பயந்து, இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிரு என்றுவிடுவாள். ஜெபத்துக்காக ஏங்கியவள் உடைக்காக அதைத் தள்ளிவைத்தாள்.

ஒரு நாள் விடியற்காலை மூன்று மணியிருக்கும். முணுமுணுப்புக் கேட்டு எழுந்து போனேன். துண்டு கீழே விழுந்து கிடந்தது. நரைத்த முடி தலையணையில் பரந்திருக்க, இரண்டு கைகளையும் நெஞ்சில் சேர்த்துவைத்து எங்கள் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தாள். குரல் வெகுகாலத்துக்குப் பிறகு தெளிவாக இருந்தது. நான் துண்டை எடுக்கவில்லை. விளக்கையும் போடவில்லை. என் பெயர் வரும்வரை வாசற்படியில் நின்றேன்.