கெப்பாசிட்டரைக் குற்றம் சொல்லும் முன்

பழைய கணினியின் பவர் சப்ளை மக்கர் பண்ணினால், அதிலுள்ள கெப்பாசிட்டர்களை ஒன்றுவிடாமல் கழற்றிப் புதியவற்றைப் பூட்டுவது ஆர்வலர்களிடம் பரவலான வழக்கம். எது கெட்டது என்ற தேடல் இல்லை; மொத்த மாற்றம்தான். இதில் நியாயமும் உண்டு, கோளாறும் உண்டு.

முதலில் நியாயம். 1981இல் வந்த பிபிசி மைக்ரோவின் ஸ்விட்ச்மோடு சப்ளையைத் திறந்தால், மின்சாரம் நுழையும் இடத்தில் பெரும்பாலும் ரிஃபா என்ற பிராண்டின் கெப்பாசிட்டர்கள் இருக்கும். மஞ்சள் சாயலுள்ள அவற்றின் உறையில் மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கும். அவற்றின் வழியே ஈரம் இறங்கி உள்ளிருக்கும் காகிதத்தைக் கெடுக்கும். ஒருநாள் பட்டென்று வெடித்து, அறை முழுக்க நாற்றப் புகை. இதற்குச் சோதனை வேண்டாம். கண்டதும் மாற்ற வேண்டியதுதான். எலக்ட்ரோலிட்டிக் வகையும் வயதானால் உலரும். அப்போதும் மல்டிமீட்டர் 5 வோல்ட் என்றே காட்டும். அதன்மேல் ஏறியிருக்கும் அலைவை ஆசிலோஸ்கோப்தான் பிடிக்கும். அந்தக் கருவி இல்லாதவருக்கு மொத்த மாற்றம் கைகொடுக்கும்.

ஆனால் அதே 1981இன் ஐபிஎம் பிசி 5150ஐ எடுத்துக்கொள்வோம். சுவிட்சைப் போட்டால் விசிறிகூடச் சுற்றாது. பழி உடனே பவர் சப்ளை மேல் விழும். ஆனால் மதர்போர்டிலுள்ள டான்டலம் கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகி, சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நின்றிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து இணைப்பைக் கழற்றி, போர்டின் 12 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடை பார்த்தால் குட்டு உடைந்துவிடும். இதைச் செய்யாமல் சப்ளையைப் பிரிப்பவர், நல்ல நிலையிலுள்ள பகுதியை நோண்டிக்கொண்டிருப்பார். மாற்றும் வேலையிலும் ஆபத்து உண்டு: பழைய போர்டில் சால்டர் சூடு கூடினால் செம்புத் தடம் பெயரும். துருவம் மாறினால் புதிய கெப்பாசிட்டரே வெடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதால் ஆபத்து கைக்கும் உண்டு.

இன்னொரு குறை, மொத்தமாக மாற்றி மெஷின் ஓடினாலும் எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த மெஷினுக்கு அந்த உழைப்பு ஒரு பாடமும் தராது.

ஆகவே ரிஃபா போன்ற பேர்போன எதிரிகளைக் கேள்வியின்றி வெளியேற்றலாம். மற்றவற்றுக்கு அளவீடு முதலில், சால்டர் பிறகு. பல ஸ்விட்ச்மோடு சப்ளைகள் சுமையின்றி ஓடாது என்பதால், பொருத்தமான சுமையை மாட்டி அளந்தால்தான் தீர்ப்பு சரியாக இருக்கும்.