‘இங்கே பார்’

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பிறரோடு பேசிப் பழகச் சொல்லித்தரும் பயிற்சியில் ஓயாமல் காதில் விழும் சொல் ‘இங்கே பார்’. பொம்மையும் மிட்டாயும் அந்த ஒரு பார்வைக்கான கூலி. இந்தியாவில் ஆட்டிசத்தை அளக்கப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் உள்ள 40 கூறுகளில் முதலாவதே, கண்ணைப் பார்க்காமை. அடையாளம் காண அது உதவும். அந்த அடையாளத்தையே பயிற்சியின் இலக்காக்கியதில்தான் கோளாறு. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் கண்டிக்கும் பெரியவரைப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தால், ‘என்ன முறைக்கிறே?’ என்று இன்னொரு அதட்டல் விழும். தலை குனிந்தால் அடக்கமான பிள்ளை. மாட்டுச் சந்தைத் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலையை முடித்துவிடுகிறார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது. பார்வைக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறும் ஊரில், எங்கும் பார் என்று பழக்குவது பாதிப் பாடம்.

பார்க்காத பிள்ளை எப்படிப் பேச்சுக் கற்கும் என்று பயிற்சியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பேச்சு வளரத் துணைசெய்வது, இருவர் கவனமும் ஒரே பொருளில் படிவது. அதற்குக் கண்ணுக்குக் கண் பார்த்தாக வேண்டியதில்லை. பயிற்சியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பேருந்து நிலையத்தில் நத்தம் வண்டியைக் கேட்டு ஏறவும், மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கவும், ‘தொடாதே’ என்று சொல்லவும் தெரிந்த பிள்ளைக்கு ஊர் திறந்துகொள்கிறது. ‘போயிட்டு வரேன்’ என்றவர் இன்று திரும்ப மாட்டார், ‘சாப்பிட்டாச்சா?’ என்பது சோற்றுக் கணக்கல்ல என்பதையெல்லாம் வாய்விட்டு விளக்கினால்தான் சிலருக்குப் புரியும். பயிற்சியின் உண்மையான பலம் இங்கேதான்.

உலகம் இவர்களுக்காக மாறாது, இவர்கள்தான் மாற வேண்டும் என்பது பெற்றோரின் அச்சத்தில் பிறக்கும் வாதம். குறை ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தால் அது சரி. ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன், புரியாமை இருபுறமும் உள்ளது என்று 2012இல் எழுதினார். ஒரு கதையை ஒருவர் கேட்டு அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்லிச் செல்லும் 2020ஆம் ஆண்டு ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை மற்றவர்களின் வரிசைக்குச் சளைக்கவில்லை. இருதரப்பும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் தேய்ந்தது. 2025இல் அதே முறையில் 311 பேரிடம் செய்த பெரிய ஆய்வில் அந்தக் கலப்பு வரிசையும் பின்தங்கவில்லை. மில்டனின் கருத்துக்கு இது முழு ஆதரவு அல்ல. ஆனால் ஆட்டிசம் உள்ளவருக்குச் செய்தி சொல்லவே வராது என்ற நினைப்பு இரண்டு ஆய்விலும் நிற்கவில்லை. இயல்பை மறைத்து நடிப்பதற்கோ விலை உண்டு: அந்த நடிப்புக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பிருப்பதை 2018ஆம் ஆண்டின் பிரிட்டன் ஆய்வொன்று காட்டியது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எளிய மொழி, எழுத்து, காட்சிப் பலகை அனைத்தையும் தகவல்தொடர்பு என்றே கணக்கில் கொள்கிறது. அப்படியானால் பேருந்தில் தரையைப் பார்த்தபடி ஊர்ப் பெயர் எழுதிய சீட்டை நீட்டும் பையனும் பேசிவிட்டான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பது நடத்துநரின் முறை.