இது எப்ப எடுத்ததுங்?

கருமத்தம்பட்டி நால்ரோட்டிலிருந்து அன்னூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் மண்பாதையில் பிரிந்தால் ஒரு குட்டை. கரையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், இணைய வரைபடத்தில் அந்தக் குட்டைக்கு யாரோ ஏற்றியிருந்த இருபது விநாடி வீடியோவைக் காட்டினேன். குழாயிலிருந்து தண்ணீர் நுரைத்துக் கொட்டுகிறது. பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். பெரியவர் ஃபோனை வாங்கி, வெயில் அடிக்காமல் துண்டால் மறைத்துக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். நிமிர்ந்து, எதிரே வெடித்துக் கிடந்த குட்டையைப் பார்த்தார். "ஏனுங் தம்பி, இது எப்ப எடுத்ததுங்?" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. ஏற்றிய மாதம் ஏதோ இருந்தது. எடுத்த நாள் எங்கும் இல்லை.

ஊர்மக்கள் சேர்ந்து உருவாக்கும் வரைபடங்களில் வீடியோ சேர்க்கும் பழக்கத்தைப் பற்றி எனக்குள்ள ஆதரவும் எதிர்ப்பும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நிற்கின்றன. வரைபடம் இடத்தைச் சொல்வது. வீடியோ ஒரு பொழுதைச் சொல்வது. பொழுதை இடத்தின்மேல் ஒட்டி வைத்துவிட்டுத் தேதியை மட்டும் கிழித்துப் போட்டால், உண்மையாகவே எடுத்த காட்சியும் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

முதலில் இந்தப் பழக்கம் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலையில் கூகுளின் தெருக்காட்சிச் சேவை இந்தியாவில் பத்து நகரங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டுமே பட்டியலில் இருந்தது. நகராட்சியாகி ஒருசில ஆண்டுகளே ஆன கருமத்தம்பட்டி போன்ற ஊரின் சந்துகளுக்கும் குட்டைகளுக்கும் கேமரா பொருத்திய கார் வரும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்கலாம். இங்கே எது எப்படி இருக்கிறது என்பதை இங்கிருப்பவர்கள்தான் காட்டியாக வேண்டும். 2017-இல் கூகுள் மேப் தன் உள்ளூர்ப் பங்களிப்பாளர்களுக்கு வீடியோ ஏற்ற வழிவிட்டது. அப்போது செயலிக்குள்ளேயே எடுத்தால் 10 விநாடி, ஏற்கெனவே எடுத்தது என்றால் 30 விநாடி. அதன்பின் ஹோட்டல், கல்யாண மண்டபம், கோயில், குளம் என்று எல்லாவற்றின் மேலும் குட்டிக் குட்டி வீடியோக்கள் ஏறிவிட்டன.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது தண்ணீர். அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்காகக் கொங்குப் பகுதி அறுபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக் கேட்டு ஓய்ந்தது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாக ஓடும் 1.5 டி.எம்.சி. நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. செலவு ரூ.1,900 கோடிக்கு மேல். அன்றிலிருந்து இந்தப் பக்கத்து டீக்கடைகளில் ஓயாத பேச்சு ஒன்று உண்டு: எந்தக் குளத்துக்கு வந்தது, எந்தக் குட்டைக்கு வரவில்லை.

இந்த வழக்குக்குப் போட்டோ உதவாது. குட்டையில் தண்ணீர் நிற்கும் போட்டோவைப் பார்த்தால் அது மழைத் தண்ணீரா, பவானித் தண்ணீரா, வந்துகொண்டிருக்கிறதா, வற்றிக்கொண்டிருக்கிறதா என்று எதுவும் பிடிபடாது. வீடியோவில் பிடிபடும். குழாய் வாயில் தண்ணீர் எத்தனை வேகமாக விழுகிறது, விட்டுவிட்டு வருகிறதா, விழுந்த தண்ணீர் குட்டைக்குள் பரவுகிறதா, சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவிலேயே மண்ணில் இறங்கிவிடுகிறதா எல்லாம் இருபது விநாடியில் தெரிந்துவிடும். சத்தமும் சாட்சி சொல்லும். நொய்யல் ஆற்றில் நுரை பொங்கும் நாட்களில் எடுத்த வீடியோவும் அப்படித்தான். நுரை நகர்வதைப் பார்க்கும்போதுதான் அது கரையோரம் ஒதுங்கிய அழுக்கு அல்ல, ஆற்றோடு ஓடி வருவது என்பது புரியும். 1,045 இடங்களுக்கும் நாள் குறித்த ஒரு வீடியோ வரைபடத்தில் இருந்தால், வந்தது வரவில்லை என்ற வழக்கில் பாதி அங்கேயே தீர்ந்துபோகும். அசைவதைக் காட்ட அசையும் படம் வேண்டும். இந்த அளவுக்கு நான் முழு ஆதரவு.

ஆனால் தேதியில்லாத வீடியோ எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கும் இந்த ஊரே சாட்சி. சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோன் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். டியூப்லைட்டின் மேல் பஞ்சு படிந்து கம்பளிப் பூச்சிபோல் தொங்கும். நாடா இரண்டு பக்கமும் ஓடி அடிக்கிற அடியில், பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே வாயைக் காதருகே கொண்டுபோக வேண்டும். 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுக் கூலிக்கு நெசவு செய்யும் தறிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இதே தெருக்கள் அரவமற்றுக் கிடந்தன. அன்று ஒருவர் எடுத்த வீடியோவை வெளியூர் நூல் வியாபாரி இன்று வரைபடத்தில் பார்த்தால், இங்கே தொழிலே செத்துவிட்டது என்றுதான் முடிவு கட்டுவார். வேலைநிறுத்தம் முடிந்து தறி ஓடிய நாளில் எடுத்ததைப் பார்த்தால், இங்கே ஒரு குறையும் இல்லை என்று நினைப்பார். இரண்டும் நிஜம். நாள் தெரியாததால் இரண்டும் வழி தவறச் செய்கின்றன.

கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா ஆலயமும் அப்படித்தான். 17-ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட திருத்தலம். அக்டோபர் தேர்த் திருவிழாவில் அந்தப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. அந்த ஒரு நாளின் கூட்டத்தை மட்டும் வரைபடத்தில் பார்க்கிறவருக்கு, சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் ஆலயத்துக்குள் இருக்கும் அமைதி தெரியவே தெரியாது. கூட்டத்தைத்தான் மக்கள் படம் பிடிக்கிறார்கள். வெறுமையை யாரும் பிடிப்பதில்லை. வரைபடம் முழுக்க வாழ்க்கையின் விசேஷ நாட்களே நிரம்புகின்றன.

தேதியோடு வீடியோ இருந்திருந்தால் எத்தனை உதவியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும் ஓர் இடம் உண்டு. 2017 செப்டம்பரில் சோமனூர் பேருந்து நிலையத்தின் மேற்கூரை இடிந்து விழுந்து உயிர்கள் போயின. தினமும் ஆயிரம் பேர் நின்ற இடம். கூரையின் நிலையை மாதம் ஒருமுறை நாள் குறித்து வரைபடத்தில் ஏற்றி வைத்திருந்தால், விரிசலோ நீர்க்கசிவோ வளர்ந்ததா என்று அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்திருக்கலாம். உயிர்கள் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்கு ஊர்க்காரர் கையில் ஓர் ஆதாரமாவது இருந்திருக்கும்.

அடுத்த குறை, இந்த வீடியோக்கள் எங்கே தங்குகின்றன என்பது. பனோராமியோ என்று ஓர் இணையதளம் இருந்தது. கூகுள் எர்த்தில் ஊர் ஊராகத் தெரிந்த படங்கள் பெரும்பாலும் அதில் மக்கள் ஏற்றியவைதான். 2007-இல் கூகுள் அதை வாங்கியது. 2016 நவம்பரில் புதிய படம் ஏற்க மறுத்தது. பிறகு மூடியே விட்டது. ஊர் உழைத்துச் சேர்த்தது ஒரு நிறுவனத்தின் முடிவில் போய்விடும். 2004-இல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அப்படி யாருக்கும் சொந்தமானதல்ல, ஆனால் அது வீடியோவைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. வேறிடத்தில் உள்ளதற்கு இணைப்புக் கொடுக்கலாம், அவ்வளவே. அந்த வேறிடமாக விக்கிமீடியா காமன்ஸ் இருக்கலாம் என்றால், நம் ஃபோன் தரும் எம்பி4 கோப்பை அது ஏற்காது. வெப்எம் வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். சின்ன வேலைதான். அந்தச் சின்ன வேலையில்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விட்டுவிடுகிறார்கள் என்று என் அனுபவத்தில் தோன்றுகிறது. இருந்தாலும் காமன்ஸைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

வீடியோவுக்குள் தேட முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. கணியூர் டோல்கேட் பக்கத்துக் குட்டையைப் பற்றி ஒருவர் வீடியோவில் அழகாகப் பேசியிருக்கலாம். கீழே தமிழில் இரண்டு வரி எழுதாவிட்டால், தேடுகிறவருக்கு அது கிடைக்காது. ஆங்கில எழுத்தில் மட்டும் பெயர் இருந்தால் அது கணியூரா, கனியூரா என்றே வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே எழுதுவது வீடியோவைவிட மலிவான, நீடித்த சேவை. வீடியோ ஏற்றும் ஆர்வத்தில் அது பின்னுக்குப் போவது எனக்கு வருத்தம்.

ஊர்மக்களே வரைபடத்தில் வீடியோ சேர்ப்பது நைரோபியின் கிபேரா குடியிருப்பில் சரியாக நடந்தது. லட்சக்கணக்கானோர் வாழ்ந்த அந்த இடம் அரசு வரைபடத்தில் காடு என்று குறிக்கப்பட்டிருந்தது. 2009-இல் அங்கிருந்த இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தார்கள். அடுத்த ஆண்டு சின்னக் கேமராக்களோடு செய்தி வீடியோக்கள் எடுத்து, உஷாஹிதி என்ற மென்பொருளில் இயங்கிய தங்கள் வரைபடத்தில் அந்தந்த இடத்தில் பொருத்தினார்கள். அதன் பலம் கருவியில் இல்லை. எடுத்தவர் அதே தெருவில் வாழ்பவர். நாளைக்கும் அவர் அங்கே போவார். காட்சி மாறினால் மாறியதையும் எடுப்பார். தப்பாக எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். நம் ஊரில் பெரும்பாலும் வண்டியை நிறுத்தி, எடுத்து, ஏற்றி, போய்விடுகிறவர்களே அதிகம்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார் என்பதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. குட்டையில் துணி துவைக்கும் பெண்கள், குளிக்கும் பிள்ளைகள், தறிக்குடோனில் இரவு ஷிப்ட் முடித்துப் பாயில் படுத்திருக்கும் வடமாநில இளைஞன், இவர்கள் யாரும் வரைபடத்தில் ஏற ஒப்புக்கொள்ளவில்லை. தெருப் படங்களைச் சேர்க்கும் மேப்பிலரி போன்ற சேவைகள் முகத்தையும் வண்டி எண்ணையும் தாமாகவே மங்கலாக்குகின்றன. நாம் கையில் எடுத்து ஏற்றும் வீடியோவில் அந்தக் கடமை நம்முடையது. குழாயைக் காட்ட முகம் எதற்கு? தண்ணீரை மட்டும் பார்த்து ஃபோனைப் பிடித்தால் போதும்.

அன்று பெரியவரிடம் பதில் சொல்ல முடியாமல் நின்ற பிறகு, நான் எடுக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். ஃபோனைத் தூக்கியதும் முதலில் வாயால் தேதியையும் குட்டையின் பெயரையும் சொல்கிறேன். பிறகுதான் குழாய். ஏற்றும்போது அதையே தமிழில் எழுதுகிறேன். ஒரே வேப்பமரத்தடியில் நின்று, ஒரே பக்கம் பார்த்து எடுக்கிறேன். சித்திரையில் ஒன்று எடுத்தேன்: மண் வெடிப்பு, காற்று, தூரத்தில் தறிச் சத்தம், குழாய் வாயில் ஒரு மைனா. பெரியவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்ன பெயர் சரியில்லையாம். அவர் சொன்ன பெயரோடு மறுபடி எடுத்தேன்.